சாட்பாட்டுடன் ஆங்கிலம் பேசிப் பழக: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் படித்தால் புரிகிறது. மற்றவர் பேசினாலும் பெரும்பாலும் புரிகிறது. ஆனால் வாயைத் திறந்தால் மூன்றாவது வார்த்தையில் நின்றுவிடுகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. இன்னும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு இந்த முறை உதவாது. அவர்களுக்கு முதலில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஒருவர் வேண்டும்.

சாட்பாட்டுடன், அதாவது நாம் சொல்வதற்குப் பதில் தரும் ஏஐ செயலியுடன், பேசத் தொடங்குபவர்கள் முதல் நாள் அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசிவிட்டு, நாலாம் நாள் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. சும்மா விட்டால் சாட்பாட் நிறையப் பேசும், எதைச் சொன்னாலும் பாராட்டும், நாம் தப்பும் தவறுமாகச் சொன்னதையும் புரிந்துகொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடும். அரை மணி முடிவில் கணக்குப் பார்த்தால் நம் வாய் அசைந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. கீழே உள்ள படிகள் எல்லாம் இதை மாற்றத்தான். பேச்சு முதலில், திருத்தம் பிறகு, அதே விஷயத்தை மறுபடி பேசுவது கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் பலன் பாதியாகிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்மார்ட்போன், மைக் உள்ள இயர்போன், ஒரு நோட்டு, பேனா, 20 நிமிடம். சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட், கிளாட் ஆகியவற்றில் எது இருந்தாலும் போதும். எதில் பழகுகிறோம் என்பதைவிட எப்படிப் பழகுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் மாதம் யாரும் பணம் கட்ட வேண்டாம்.

இயர்போன் ஏன் என்றால், ஸ்பீக்கரில் போட்டால் சாட்பாட்டின் குரல் மறுபடி மைக்குக்குள் போகிறது. நாம் குறுக்கே பேசுகிறோம் என்று நினைத்து அது பாதியிலேயே நிறுத்திவிடும். வயர் உள்ள இயர்போன் நல்லது. பல ப்ளூடூத் இயர்போன்களில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலியின் தரம் இறங்கிவிடும். சொல்லின் கடைசி எழுத்துகள் தெளிவாகக் கேட்காது.

செட்டிங்ஸில் பேச்சு மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் ஆங்கிலத்தை வையுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால், நம் ஆங்கிலத்தைத் தமிழ் என்றோ இந்தி என்றோ எடுத்துக்கொண்டு அந்த எழுத்தில் பதிவுசெய்வது உண்டு. புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து 'என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா' என்று மனம் உடைந்துபோகிறார்கள். அது செட்டிங்ஸின் கோளாறு.

அங்கேயே இன்னொரு வேலையும் முடித்துவிடுங்கள். சாட்பாட்டைப் பயிற்றுவிக்க நம் உரையாடலை எடுத்துக்கொள்ளும் அனுமதியை அணைக்கும் இடம் டேட்டா அல்லது ப்ரைவஸி பகுதியில் இருக்கும். அதை அணைத்த பிறகும் ஆதார் எண், வங்கி விவரம், கம்பெனி வாடிக்கையாளர் பெயர் எதையும் பேச்சில் சொல்ல வேண்டாம். பெயர் தேவைப்பட்டால் மாற்றுப் பெயர் போதும்.

2. எந்தப் பட்டனை அழுத்துவது

எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு குறிகள் இருக்கும். மைக் படம் நாம் பேசுவதை எழுத்தாக்கித் தரும். அனுப்பினால் பதிலும் எழுத்தில் வரும். அலைக்கோடுகள் போன்ற படத்தை அழுத்தினால் போனில் பேசுவதுபோல் நேரடி உரையாடல் தொடங்கும். இதுதான் வாய்ஸ் மோட். ஜெமினியில் இதன் பெயர் ஜெமினி லைவ். வாரக்கணக்கில் மைக்கை மட்டும் அழுத்திவிட்டு 'இது திரும்பப் பேசவே மாட்டேங்குதே' என்று இருப்பவர்கள் உண்டு.

நமக்கு இரண்டும் வேண்டும். கேள்வி பதிலாகப் போகும் பேச்சுக்கு வாய்ஸ் மோட். ஒரே மூச்சில் இரண்டு நிமிடம் பேச மைக். வாய்ஸ் மோடில் நாம் யோசிக்கச் சற்று நிறுத்தினாலும், பேசி முடித்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு அது தொடங்கிவிடும். 'நான் முடிக்கும் வரை காத்திரு' என்று சொல்லிவைத்தாலும் பெரும்பாலும் நிற்காது, ஏனென்றால் முடித்துவிட்டோமா என்பதை அது முக்கியமாக நம் மௌனத்தை வைத்துத்தான் கணிக்கிறது. மைக்கிலோ பெரும்பாலும் நாமே நிறுத்தும் வரை பதிவு ஓடும். இலவசக் கணக்கில் வாய்ஸ் அளவு தீர்ந்துபோகும் நாள்களிலும் மைக் கைகொடுக்கும்.

3. தலைப்பைச் சின்னதாக்குவது

'லெட்ஸ் டாக் இன் இங்கிலீஷ்' என்று தொடங்கினால், பொழுதுபோக்கு என்ன, பிடித்த சாப்பாடு என்ன என்று பேச்சு ஊர் சுற்றும். மூன்றாம் நாள் பேச ஒன்றும் இருக்காது.

நேற்று நடந்த ஒன்று, நாளைக்குப் பேச வேண்டிய ஒன்று, இந்த இரண்டிலிருந்து மட்டும் தலைப்பு எடுங்கள். வங்கியில் கேஒய்சி புதுப்பிக்கப் போனது, பஸ் வழியில் நின்றது, திங்கட்கிழமை மீட்டிங்கில் வேலை ஏன் தாமதம் என்று சொல்ல வேண்டியது. என்ன சொல்வது என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் மூளை முழுக்க 'எப்படிச் சொல்வது' என்பதில் இறங்கும். 'சுற்றுச்சூழல் மாசு' போன்ற கட்டுரைத் தலைப்புகள் தமிழில் பேசச் சொன்னாலே திணறவைக்கும். அவை முதல் மாதத்துக்கு வேண்டாம்.

தலைப்பை எடுத்ததும் நோட்டில் ஐந்து சொற்கள் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், வாக்கியங்கள் வேண்டாம். வாக்கியம் எழுதினால் அது வாசிப்புப் பயிற்சியாகிவிடும். இதற்கு இரண்டு நிமிடம்.

4. சாட்பாட்டுக்கு முதலில் சொல்லிவைப்பது

இதைத் தமிழிலேயே டைப் செய்யலாம், அதற்குப் புரியும். புது சாட் திறந்து இதை அனுப்பிவிட்டு, அதே சாட்டுக்குள் வாய்ஸ் மோடுக்குப் போங்கள்.

"நீ எனக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தரும் துணை. என் தாய்மொழி தமிழ். எளிய வாக்கியங்கள் பேசுவேன், கோவையாகப் பேச வராது. இன்றைய தலைப்பு: நேற்று பஸ் நின்றுபோய் ஆபீஸுக்கு லேட்டானது. ஆங்கிலத்தில் மட்டும் பேசு. ஒரு முறைக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதே. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேள். நான் பேசும்போது திருத்தாதே, பாராட்டாதே. சொல் வராமல் நான் தமிழில் சொன்னால் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு என்னைத் தொடரவிடு. 'ஃபீட்பேக் ப்ளீஸ்' என்று நான் சொன்ன பிறகே திருத்தம்."

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. 'இரண்டு வாக்கியம்' என்று கட்டாவிட்டால் அது ஒரு பத்தி பேசும், நாம் 'யெஸ்' என்று முடித்துக்கொள்வோம். 'ஒரே கேள்வி' என்று சொல்லாவிட்டால் மூன்று கேள்விகளை அடுக்கும். நாம் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வோம். 'பாராட்டாதே' என்பது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எதற்கெடுத்தாலும் 'கிரேட்' என்று கேட்டுக்கொண்டிருந்தால் எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்ற நிதானம் நமக்குப் போய்விடும்.

தமிழ்ச் சொல்லுக்கு இடம் கொடுத்த வரிதான் இதில் மிக முக்கியமானது. 'பழுது' என்பதற்கு ஆங்கிலச் சொல் வராமல் நின்றுபோகிறவர், டிக்ஷனரி தேடப் போனால் பேச்சு அறுந்துவிடும். 'தி பஸ், பழுது' என்று சொல்லிவிட்டு, கிடைக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போகப் பழகினால் பேச்சின் ஓட்டம் காப்பாற்றப்படும்.

பத்து நிமிடம் கடந்தால் சாட்பாட் தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பி நீளமாகப் பேசத் தொடங்கும். 'ஷார்ட்டர் ப்ளீஸ், ஒன் க்வெஸ்டின்' என்று நினைவூட்டுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் புது சாட் திறப்பது நல்லது. ஒரே சாட்டை மாதக்கணக்கில் நீட்டினால் முதலில் சொன்ன நிபந்தனைகள் மங்கிப்போகும்.

5. முதல் சுற்று: ஐந்து நிமிடம், திருத்தம் கிடையாது

டைமரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பேசுங்கள். திரையைப் பார்க்காமல் போனைக் கவிழ்த்து வையுங்கள். எழுத்து ஓடுவதைப் பார்த்தால் கண் அதிலேயே இருக்கும், காது வேலை செய்யாது. நேரில் பேசும்போது யாரும் நமக்குக் கீழே எழுத்துப் போட்டுக் காட்டப்போவதில்லை.

திருத்தம் ஏன் இப்போது வேண்டாம்? 'வாஸ்' சொன்ன இடத்தில் 'வேர்' என்று நடுவில் திருத்தினால், அடுத்த வாக்கியத்தை எண்ணிக்கொண்டிருந்த மனம் இலக்கணத்துக்குத் தாவிவிடும். அதற்குப் பின் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் சரிபார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவோம். வாய் திறக்காமல் போவதற்கு மூல காரணமே அந்தப் பழக்கம்தான்.

யோசிக்க நேரம் வேண்டுமென்றால் மௌனத்துக்குப் பதிலாக 'வெல்', 'லெட் மீ திங்க்', 'ஹவ் டு ஐ புட் இட்' என்று நிரப்புங்கள். இதனால் சாட்பாட் குறுக்கே பாய்வது குறையும். மனிதர்களிடம் பேசும்போதும் இதே சொற்கள்தான் நமக்கு மூன்று வினாடி வாங்கித் தரும்.

கேள்வி புரியவில்லையென்றால் தமிழுக்குத் தாவாமல் 'குட் யூ சே தட் இன் சிம்ப்ளர் வேர்ட்ஸ்?' என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் தடையில்லாமல் வாயில் வந்துவிட்டால் அந்நியர்களிடம் பேசும் பயம் நிறையக் குறைந்துவிடும்.

6. திருத்தம் வாங்குவது

ஐந்து நிமிடம் முடிந்ததும் வாய்ஸ் மோடிலிருந்து வெளியே வந்து எழுத்தில் கேளுங்கள். திருத்தத்தைக் காதால் கேட்டால் நிற்காது, கண்ணால் பார்க்க வேண்டும்.

"நான் சொன்னவற்றில் முக்கியமான மூன்று தவறுகளை மட்டும் எடு. நான் சொன்னதை அப்படியே காட்டு, பக்கத்தில் சரியான வாக்கியம், காரணம் தமிழில் ஒரே வரி. இலக்கணத் தவறையும், தவறில்லாமல் இயல்பாக மட்டும் இல்லாததையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டு. மூன்று தவறு இல்லையென்றால் இல்லாததை உண்டாக்காதே."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தவறு காட்டச் சொன்னால் காட்டியே தீர வேண்டும் என்று சரியான வாக்கியத்தையும் மாற்றி எழுதிக் கொடுக்கும் பழக்கம் சாட்பாட்டுக்கு உண்டு. சந்தேகம் வந்தால் 'நான் சொன்னது உண்மையிலேயே தவறா, இல்லை இன்னொரு வழியா?' என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு முறை கேட்டும் பதில் மாறிக்கொண்டே இருந்தால் அந்தத் திருத்தத்தை ஒதுக்கிவிட்டு ஒரு நல்ல இலக்கணப் புத்தகத்தைப் பாருங்கள்.

பஸ் கதையில் ஒருவர் முதல் சுற்றில் சொல்லக்கூடியது இப்படி இருக்கும்: 'யெஸ்டர்டே மை பஸ் வாஸ் ப்ரேக்டவுன். ஐ வாஸ் வெய்ட்டிங் தேர் ஒன்லி ஒன் அவர். தென் ஐ ஹேவ் கால்ட் மை மேனேஜர் அண்ட் டோல்ட் லைக் திஸ் லைக் திஸ்.' திருத்திய வடிவம்: 'மை பஸ் ப்ரோக் டவுன் யெஸ்டர்டே. ஐ வெய்ட்டட் தேர் ஃபார் அன் அவர். தென் ஐ கால்ட் மை மேனேஜர் அண்ட் டோல்ட் ஹிம் வாட் ஹேட் ஹாப்பண்ட்.' மொத்தம் மூன்று வாக்கியம். இதை ஒரு பத்திக்கு அலங்கரித்து, கடினச் சொற்களைப் போட்டு நீட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். 'என் சொற்களையே வைத்துத் திருத்து' என்று சொல்லுங்கள். நம் வாயில் வராத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்குப் பயனில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சை எழுத்தாக்கும்போதே சில தவறுகள் தானாகச் சரியாகிவிடுகின்றன. நாம் விழுங்கிய 'எ', 'த', சொல்லின் கடைசியில் வராத 'ஸ்' எல்லாம் எழுத்தில் ஒழுங்காக இருக்கும். நாம் சொன்னது அப்படியே தெரிய வேண்டுமென்றால் வாரம் ஒரு நாள் வீட்டிலுள்ள இன்னொரு போனில் குரலைப் பதிவுசெய்து கேளுங்கள். ஒரே போனில் ரெக்கார்டரையும் வாய்ஸ் மோடையும் சேர்த்து ஓட்டினால் ஏதோ ஒன்றுக்குக் குரல் போகாமல் இருந்துவிடும்.

7. அதே விஷயத்தை மறுபடி, குறைந்த நேரத்தில்

பெரும்பாலானோர் திருத்தத்தைப் படித்து 'ஓ, சரி' என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். முன்னேற்றம் நிற்கிற இடம் இதுதான். படித்த திருத்தம் கண்ணில் இருக்கும். அது வாய்க்கு வர, அதே விஷயத்தை உடனே மறுபடி சொல்ல வேண்டும்.

மொழிக் கற்பித்தலில் 4/3/2 என்று ஒரு முறை இருக்கிறது. பால் நேஷன் போன்ற மொழிக் கற்பித்தல் ஆய்வாளர்கள் அதைப் பரவலாக்கினார்கள். ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடத்திலும், பிறகு மூன்றிலும், பிறகு இரண்டிலும் வேறு வேறு ஆட்களிடம் சொல்வது. தொடங்குபவருக்கு நான்கு நிமிடத் தனிப்பேச்சு அதிகம். ஆகவே 2 நிமிடம், ஒன்றரை நிமிடம், 1 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் மைக் பட்டனில் பேசி அனுப்புங்கள்.

சொல்ல வேண்டியது ஒன்றாகவே இருக்க, நேரம் மட்டும் குறைவதால், தேடும் மௌனங்கள்தான் முதலில் உதிரும். திருத்திய மூன்று வாக்கியங்களை மூன்று முறையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று உங்களுக்கே விதி போட்டுக்கொள்ளுங்கள். வேகமாக ஒப்பிப்பதாக இது மாறிவிடக் கூடாது. நேரத்துக்குள் முடியவில்லையென்றால் விவரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

ஆள் மாறுவதற்குப் பதிலாக சாட்பாட்டின் வேடத்தை மாற்றலாம். முதல் முறை நண்பர், இரண்டாம் முறை மேனேஜர், மூன்றாம் முறை அவசரத்தில் இருக்கும் எச்ஆர். ஆளுக்கு ஏற்றபடி சொல்லும் விதம் தானாக மாறும், சலிப்பும் வராது.

8. தமிழிலிருந்து வரும் தவறுகள்: கேட்டு வாங்க வேண்டியவை

பொருள் புரிந்துவிடுவதால் சாட்பாட் கண்டுகொள்ளாமல் விடும் தவறுகள் சில உண்டு. இவை தமிழ் வாக்கியம் அப்படியே ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வருவதால் நேர்பவை.

'இன்னைக்கே' என்பதில் உள்ள ஏகாரம் 'டுடே இட்செல்ஃப்' ஆகிறது. 'அங்கதான்' என்பதில் உள்ள 'தான்' 'தேர் ஒன்லி' ஆகிறது. ஆங்கிலத்தில் இந்த அழுத்தத்தைப் பெரும்பாலும் குரல்தான் காட்டும். 'டுடே' என்பதை அழுத்திச் சொன்னாலே போதும்.

'மூணு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்' என்பதில் தமிழ் நிகழ்காலத்தைப் போடுவதால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' வருகிறது. வர வேண்டியது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்'. இன்டர்வியூவில் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் தப்பவே முடியாது என்பதால் முதல் வாரத்திலேயே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

'அது என்னன்னு தெரியல' என்பது 'ஐ டோன்ட் நோ வாட் இஸ் இட்' ஆகும். சரி, 'வாட் இட் இஸ்'. 'அதைப் பத்திப் பேசினோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபௌட்' வரும், 'அபௌட்' தேவையில்லை. 'நேத்து' என்று காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஐ ஹேவ் கான்' வராது, 'ஐ வென்ட்' தான். 'எனக்கு ரெண்டு தங்கச்சி' என்பதற்கு 'ஐ ஆம் ஹேவிங்' வேண்டாம், 'ஐ ஹேவ்' போதும்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தப் போனால் ஒன்றும் நிற்காது. வாரம் ஒன்று எடுங்கள். தொடக்கத்தில் அனுப்பும் குறிப்பில் 'இந்த வாரம் சின்ஸ், ஃபார் இரண்டையும் மட்டும் கவனி. அவை தேவைப்படும்படி கேள்வி கேள்' என்று சேருங்கள். சும்மா பேசினால் அந்த வாக்கியம் வாரத்துக்கு ஒரு முறை வரும்; கேட்டு வாங்கினால் ஐந்து நிமிடத்தில் எட்டு முறை வரும்.

'ப்ரீபோன்' போன்ற சொற்களைச் சாட்பாட் தவறென்று சொன்னால் பதற வேண்டாம். இந்திய ஆங்கிலத்தில் அது வழக்கமான சொல். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும்போது மட்டும் 'மூவ் அப்' அல்லது 'பிரிங் ஃபார்வர்ட்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

9. உச்சரிப்பைச் சாட்பாட்டிடம் கேட்காதீர்கள்

'என் உச்சரிப்பு எப்படி?' என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும், பத்துக்கு எட்டு மதிப்பெண்கூடப் போடும். அதை நம்ப முடியாது. அது நம்மைப் புரிந்துகொள்வது முன்பின் சொற்களை வைத்து. ஒலி தவறினாலும் பொருளை ஊகித்துவிடுகிறது.

ஊகிக்க இடம் தராத சோதனை ஒன்று இருக்கிறது. போனின் கீபோர்டில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, நோட்ஸ் செயலியைத் திறந்து கீபோர்டு மைக்கில் 'ஐ சா எ கோட்' என்று சொல்லுங்கள். ஆடு என்று நினைத்து ஐந்து முறை, மேல்சட்டை என்று நினைத்து ஐந்து முறை. இரண்டுமே பொருள் தரும் வாக்கியம் என்பதால் அதற்கு ஊகிக்க வழியில்லை. நம் வாயிலிருந்து வந்த ஒலியை வைத்தே எழுத வேண்டும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'கோட்' என்பதைக் கவனியுங்கள். கரடியும் பேரிக்காயும் இரண்டுமே 'பேர்'. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. பழகிய சொற்களில் சரியாக வருகிற வேறுபாடு புதுச் சொல்லில் குழம்பும். பத்தில் ஒன்றிரண்டு மாறி விழுந்தால் கருவியின் பிழையாக இருக்கலாம். நாலைந்து மாறினால் அந்த ஒலியில் வேலை இருக்கிறது.

திருத்தும் வழி எளிது. உள்ளங்கையை வாய்க்கு முன் நாலு விரற்கடைத் தூரத்தில் வையுங்கள். மேல்சட்டையைக் குறிக்கும் 'கோட்', பேரிக்காயைக் குறிக்கும் 'பேர்' இரண்டின் முதல் ஒலியில் காற்று கையில் பட வேண்டும். ஆட்டுக்கும் கரடிக்கும் படக் கூடாது. தமிழில் சொல் தொடக்கத்தில் அந்தக் காற்று இல்லை என்பதால், 'கடல்', 'பல்' சொல்கிற பழக்கத்தில் ஆங்கிலமும் பேசிவிடுகிறோம். ஆங்கிலேயர் காதில் அது மற்ற சொல்லாக விழுகிறது.

வேறு மூன்று பழக்கங்களையும் பதிவில் தேடுங்கள். சொல்லின் கடைசியில் ஒட்டும் உகரம்: 'பஸ்ஸு', 'லைட்டு'. தொடக்கத்தில் சேரும் யகரமும் வகரமும்: 'எக்ஸாம்' என்பது 'யெக்ஸாம்', 'ஓன்லி' என்பது 'வோன்லி' ஆவது. அழுத்தம் விழும் இடம்: 'ஹோட்டல்' என்பதில் இரண்டாம் அசையும், 'டெவலப்' என்பதில் நடு அசையும் ஓங்கி வர வேண்டும். கேம்பிரிட்ஜ் ஆன்லைன் டிக்ஷனரியில் பெரும்பாலான சொற்களுக்கு பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் ஒலியாக உண்டு. கேட்டு, சொல்லி, பதிவுசெய்து, பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். நாளுக்கு இரண்டு சொல் போதும்.

10. நோட்டு

மூன்று கட்டம்: நான் சொன்னது, சரியானது, தேதி. நாளுக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். மறுநாள் பயிற்சியைத் தொடங்கும்போது முந்தைய நாள் வரிகளைப் படித்துவிட்டு, அந்த வாக்கியங்கள் வரும்படி ஒரு நிமிடம் பேசுங்கள். ஒரே தவறு மூன்றாம் முறை வந்தால் சிவப்பில் கோடிடுங்கள். அடுத்த வாரத்தின் கவனம் அதன் மேல் இருக்கட்டும்.

நேரக் கணக்கு: தயாரிப்பு 2, முதல் சுற்று 5, திருத்தம் 5, மறுபேச்சு 6, நோட்டு 2. மொத்தம் 20 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட வாரம் ஐந்து நாள் 20 நிமிடம் பல மடங்கு மேல். இடைவெளி விட்டுத் திரும்ப எடுக்கும்போதுதான் வாக்கியம் நினைவில் ஊன்றுகிறது.

11. தேர்வுக்கும் இன்டர்வியூவுக்கும்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதிகள். இரண்டாம் பகுதியில் தயாராக 1 நிமிடம், பேச 2 நிமிடம் வரை. இதை மைக்கில் செய்யுங்கள். முதல், மூன்றாம் பகுதிகளை வாய்ஸ் மோடில். சாட்பாட் தரும் பேண்ட் மதிப்பெண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். நான்கு அளவுகோல்களில் ஒன்று உச்சரிப்பு. அதை அது சரியாக அளக்காது என்று மேலேயே பார்த்தோம்.

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதும் நர்ஸ்களுக்கு இந்த முறை மிக நன்றாகப் பொருந்தும். அதில் தலா ஐந்து நிமிடம் போல இரண்டு ரோல் ப்ளே உண்டு. சாட்பாட்டை நோயாளியாக்கினால் கேட்ட உடனே எல்லாவற்றையும் ஒப்புவிக்கும் நல்ல நோயாளியாக நடந்துகொள்ளும். 'பயந்துபோன நோயாளியாக இரு. நான் நேரடியாகக் கேட்காதவரை மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லாதே. மருத்துவச் சொல் வந்தால் புரியவில்லை என்று சொல்' என்று முன்கூட்டியே கட்டுங்கள். நோயாளியின் கவலையைக் கேட்டறிவதற்கும், எளிமையாக விளக்குவதற்கும் மதிப்பெண் இருப்பதால் இந்தத் தடைகள் தேவை.

இன்டர்வியூவுக்குத் தயாராகும்போது 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' கேள்விக்குச் சாட்பாட்டை எழுதச் சொல்லி மனப்பாடம் செய்வதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி விழுந்தால் கோர்வை அறுந்து முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஐந்து சொல் சீட்டை வைத்து ஆறு நாள், நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறு வார்த்தைகளில் பேசுங்கள். 'என் பதிலின் நடுவே குறுக்கிட்டுக் கேள்வி கேள்' என்று சொன்னாலும் அது நாம் நிறுத்தும்போதுதான் கேட்கும். அதனால் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி அதற்கு இடம் கொடுங்கள்.

12. மூன்றாம் வாரத்திலிருந்து மனிதர்களிடம்

சாட்பாட் பொறுமை இழக்காது, முகம் சுளிக்காது, தெளிவான உச்சரிப்பில் பேசும். மனிதர்கள் அப்படி இல்லை. அதனால் சாட்பாட்டில் சரளமானவர் நேரில் திணறுவது இயல்பு. பயிற்சி வீண் என்று அதற்குப் பொருளில்லை. வாரம் ஒரு நாள், அந்த வாரம் பேசிப் பழகிய தலைப்பையே, இதே முயற்சியில் இருக்கும் ஒரு நண்பரிடம் போனில் பத்து நிமிடம் பேசுங்கள். புதுத் தலைப்பு எடுக்க வேண்டாம். ஆள் புதிது என்பதே போதுமான பாரம்.

நண்பர் யாரும் கிடைக்கவில்லையா? வங்கிக்கோ மொபைல் கம்பெனிக்கோ பேச வேண்டிய வேலை எப்படியும் மாதம் ஒன்று வரும். என்ன கேட்கப்போகிறீர்கள், அவர்கள் என்னென்ன திருப்பிக் கேட்கக்கூடும் என்று சாட்பாட்டை கஸ்டமர் கேர் ஆளாக்கி இரண்டு முறை ஓட்டிப்பாருங்கள். கார்டு எண், பிறந்த தேதி எதையும் அங்கே சொல்லாமல் கற்பனை எண்களை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உண்மையான எண்ணுக்கு அழைத்து, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது ஆங்கிலத்துக்கு உரிய பட்டனை அழுத்துங்கள்.